காயிலுக்குப் போற சிக்னலைத் தலைகீழாக்குறது: ஹால் சென்சார்லேருந்து ஸ்பார்க் வரைக்கும்

பெட்ரோல் இன்ஜின்ல பாயின்ட்டை (காயிலுக்குப் போற கரன்ட்டை வெட்டுற பழைய ஸ்விட்ச்) கழட்டிப் போட்டுட்டு ஹால் சென்சார் (காந்தம் கிட்ட வந்தா உணர்ற சின்ன ஐசி) வைக்கணும், இல்லன்னா ஒரு ஆர்டுயினோ நானோ (புரோகிராம் எழுதிப் போடுற சின்ன போர்டு) வச்சு இக்னிஷன் காயிலை ஓட்டணும்னு ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் முதல் நாளே ஒரு காயிலைச் சுட்டுடுறாங்க. சால்டரிங் சரியாத்தான் இருக்கும், பார்ட்ஸும் சரியாத்தான் இருக்கும், ஆனா காயில் ஆன்ல இருக்க வேண்டிய நேரத்துல ஆஃப், ஆஃப்ல இருக்க வேண்டிய நேரத்துல ஆன்னு சிக்னல் தலைகீழா போயிட்டிருக்கும். நானும் அப்படி ஒண்ணு சுட்டிருக்கேன், அதைக் கீழ சொல்றேன்.

இதுல நான் எடுத்துக்குற வண்டி, பாயின்ட் வச்ச டிஸ்ட்ரிப்யூட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கு போட்டு அனுப்புறது) இருக்குற நாலு சிலிண்டர் பத்மினி கார் மாதிரி ஒண்ணு. 12 வோல்ட், நெகட்டிவ் எர்த். 1960கள்ல வந்த பிரிட்டிஷ் வண்டி சிலதுல பாசிட்டிவ் எர்த் இருக்கும், அந்த வண்டிக்கு இந்த சர்க்யூட் ஆகாது, முதல்ல பேட்டரியில எந்த முனை பாடிக்குப் போகுதுன்னு பாத்துட்டு மேல படிங்க.

1. ஸ்பார்க் எப்ப வருதுன்னு தெளிவா வச்சுக்கங்க

பல்பு, மோட்டார், ரிலே எல்லாம் ஆன் பண்ணா வேலை செய்யும். காயில் அப்படி இல்ல. ஆன் பண்ணும்போது சும்மா கரன்ட் ஏறிக்கிட்டே இருக்கும், ஆஃப் பண்ற அந்த நொடியிலதான் ஸ்பார்க். கவட்டையில கல்லு வச்சு இழுக்குற மாதிரி, இழுக்குறது சார்ஜ், கையை விடுறது ஸ்பார்க்.

அதனால சிக்னல் தலைகீழா போனாலும் ஸ்பார்க் வரும்! இதுதான் புதுசா வர்றவங்களை ஏமாத்துறது. பிளக்கை வெளிய வச்சு பாக்குறாங்க, நீலமா டிக் டிக்னு அடிக்குது, சரி ஆயிடுச்சுன்னு வண்டியில மாட்டிடுறாங்க. ஆனா அந்த ஸ்பார்க் வர்றது சார்ஜ் ஆரம்பிக்க வேண்டிய இடத்துல.

கணக்கு போட்டுப் பாருங்க. 1000 ஆர்பிஎம்ல கிராங்க் ஒரு மில்லி செகண்டுக்கு 6 டிகிரி சுத்தும். சார்ஜ் நேரம் 3 மில்லி செகண்ட்னு நானோவுல வச்சிருந்தா, தலைகீழ் சிக்னல்ல ஸ்பார்க் 18 டிகிரி முன்னாடியே வந்துடும். 3000 ஆர்பிஎம்ல அதே 3 மில்லி செகண்ட் 54 டிகிரி. அதாவது ஸ்டார்ட் பண்ணும்போது உதைக்கும், ஓட ஆரம்பிச்சா இன்னும் மோசமாகும். ஸ்டார்ட்டர் பல் உடையறது இப்படித்தான்.

இன்னொரு பக்கம் காயிலோட கதி. நாலு சிலிண்டர்ல 1000 ஆர்பிஎம்ல ரெண்டு ஸ்பார்க்குக்கு நடுவுல 30 மில்லி செகண்ட் இருக்கு. சரியான சிக்னல்ல 3 மில்லி செகண்ட் ஆன், 27 ஆஃப். தலைகீழா போனா 27 ஆன், 3 ஆஃப். இன்ஜின் நின்னுட்டா முழு நேரமும் ஆன்.

2. உங்க சிக்னல் சும்மா இருக்கும்போது எங்க நிக்குதுன்னு பாருங்க

தலைகீழாக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதைப் பாக்கணும். ரெண்டே கேள்விதான். இன்ஜின் நின்னு, சென்சார் கிட்ட ஒண்ணும் இல்லாதப்ப அவுட்புட் மேல (5 வோல்ட் பக்கம்) நிக்குதா கீழ (0 வோல்ட் பக்கம்) நிக்குதா? சென்சார் வயர் அறுந்து தொங்குனா டிரைவருக்கு, அதாவது காயிலை ஆன் ஆஃப் பண்ற சர்க்யூட்டுக்கு, என்ன தெரியும்?

ஏ3144 மாதிரி சாதாரண ஹால் சென்சாருக்கு அவுட்புட் ஓப்பன் கலெக்டர். காந்தத்தோட தெற்கு முனை எழுத்து இருக்குற பக்கம் வந்தா அவுட்புட்டை எர்த்துக்கு இழுக்கும். காந்தம் இல்லன்னா விட்டுடும், நீங்க போட்ட புல்அப் ரெசிஸ்டர்தான் அதை 5 வோல்ட்டுக்குத் தூக்கும். ஆக சும்மா இருக்கும்போது மேல. அதை நேரா ஐஜிபிடி (காயிலை ஆன் ஆஃப் பண்ற பவர் டிரான்சிஸ்டர்) கேட்டுக்கு, அதாவது அதோட கன்ட்ரோல் காலுக்குக் கொடுத்தா, கீ போட்ட உடனே காயில் ஆன் ஆகி அப்படியே உக்காந்துக்கும். வயர் அறுந்தாலும் அதே கதைதான்.

பாயின்ட்டும் அதே ஜாதிதான். மூடியிருந்தா எர்த், அப்ப காயில் சார்ஜ் ஆகணும். திறந்தா மேல போகும், அப்ப ஸ்பார்க். கீழ இருக்கும்போது சார்ஜ், மேல ஏறும்போது ஸ்பார்க்னா நடுவுல ஒரு இன்வெர்ட்டர், அதாவது சிக்னலைத் தலைகீழாக்குற சர்க்யூட், வேணும்.

இங்க சிலர் ஒரு வாதம் வைப்பாங்க: டிஸ்ட்ரிப்யூட்டர் ஷாஃப்ட்ல நாலு சின்ன காந்தம் வச்சா காந்தம் எதிர்ல இருக்குற நேரம் கம்மி, இல்லாத நேரம் அதிகம், அதனால தலைகீழாக்காம நேரா விட்டா சார்ஜ் நேரம் தாராளமா கிடைக்கும், காந்தம் வர்ற இடத்துல ஸ்பார்க் வரும், டிஸ்ட்ரிப்யூட்டரைக் கொஞ்சம் திருப்பி வச்சா டைமிங்கும் சரி ஆயிடும்னு. பொய் இல்ல, வண்டி ஓடும், நல்லாவே ஓடும். ஆனா ஓடிட்டிருக்குற வண்டிக்காக சர்க்யூட் போடக் கூடாது, கீ போட்டுட்டு டீ குடிக்கப் போன வண்டிக்காகப் போடணும். சென்சார் பின் லூசாகி கழண்டா காயில் ஆஃப்ல நிக்கணும். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் தலைகீழாக்கச் சொல்றேன், சார்ஜ் நேரம் வேணும்னா காந்தத்தை அகலமா வையுங்க.

நானோ வச்சா இன்னொரு சிக்கல், பவர் வந்து புரோகிராம் ஓட ஆரம்பிக்கிற வரைக்கும் பின் எல்லாம் அந்தரத்துல தொங்கும். பூட்லோடர் (நம்ம புரோகிராமுக்கு முன்னாடி ஓடுற சின்ன புரோகிராம்) இருந்தா ஒண்ணு ரெண்டு செகண்ட் ஆகும். அந்த நேரத்துல காயில் எங்க நிக்கணும்னு ரெசிஸ்டர்தான் முடிவு பண்ணணும், புரோகிராம் இல்ல.

3. காயிலை அளந்துட்டுதான் மத்தது

மல்டிமீட்டரை 200 ஓம்ல வச்சு, ரெண்டு முனையையும் சேத்து வச்சா என்ன காட்டுதோ அதைக் கழிச்சுட்டு, காயிலோட பிளஸ் மைனஸுக்கு நடுவுல பாருங்க. 3 ஓம் பக்கம் வந்தா பாயின்ட் வண்டியோட சாதா காயில். 1.5 ஓம் வந்தா வெளிய பேலஸ்ட் ரெசிஸ்டர் (சீரிஸ்ல நின்னு கரன்ட்டைக் குறைக்கிறது) இருக்கணும். 1 ஓமுக்குக் கீழ வந்தா அது எலக்ட்ரானிக் இக்னிஷன் காயில், டைமை எண்ணி ஆன் பண்ற டிரைவர் இல்லாம அதைத் தொடாதீங்க.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா, 3 ஓம் காயில் ஆன்லயே நின்னாலும் 12 வோல்ட்டுக்கு 4 ஆம்பியர், 48 வாட் சூடு. கொஞ்ச நேரத்துல கை வைக்க முடியாது, ஆனா சுதாரிக்க டைம் இருக்கும். 0.6 ஓம் காயில் அதே மாதிரி நின்னா 20 ஆம்பியர், 240 வாட். அதுல சுதாரிக்கல்லாம் டைம் இல்ல, ஐஜிபிடியோ காயிலோ ஏதாவது ஒண்ணு போயிடும்.

நான் சுட்டது 3 ஓம் காயில்தான். பெஞ்ச்ல கனெக்ஷன் கொடுத்துட்டு, ஸ்பார்க் வரலையேன்னு சென்சாரையே கிண்டிக்கிட்டு இருந்தேன், இருபது நிமிஷம் இருக்கும். சூடான எண்ணெய் வாசம் வந்ததும் திரும்பிப் பாத்தா காயில் கழுத்துல, அந்த கருப்பு மூடியும் அலுமினிய டப்பாவும் சேருற மடிப்புல, எண்ணெய் பொட்டுப் பொட்டா வேர்த்து நிக்குது. டப்பாவைத் தொட்ட விரல் நுனி ரெண்டு நாள் எரிஞ்சது. சென்சார்ல ஒரு குறையும் இல்ல. காந்தத்தையே நான் இன்னும் கிட்ட கொண்டு போகல, அதனால காயில் சார்ஜ்லயே உக்காந்திருந்தது, அவ்ளோதான்.

4. என்னென்ன வேணும்

ஸ்விட்சுக்கு இக்னிஷனுக்குன்னே செஞ்ச ஐஜிபிடி, ஐஎஸ்எல்9வி3040 மாதிரி. இதை 5 வோல்ட் லாஜிக்லயே ஓட்டலாம், உள்ளேயே வோல்ட்டேஜை 400 பக்கம் நிறுத்துற கிளாம்ப் இருக்கு, 300 மில்லி ஜூல் வரைக்கும் தாங்கும். நம்ம 3 ஓம் காயில் 8 மில்லி ஹென்றின்னு வச்சுக்கிட்டா 4 ஆம்பியர்ல சேமிக்கிறது 64 மில்லி ஜூல்தான், நிறைய இடம் இருக்கு.

கையில இருக்குன்னு ஐஆர்எஃப்இசட்44, டிப்122 எல்லாம் போடாதீங்க. முதலாவது 55, 60 வோல்ட், ரெண்டாவது 100 வோல்ட். காயில் ஆஃப் ஆகும்போது பிரைமரியிலேயே 300, 400 வோல்ட் எகிறும். சீக்கிரமே ஷார்ட் ஆகும், ஷார்ட் ஆனா காயில் ஆன்லயே நிக்கும்.

வாங்கும்போது ஒரு சின்ன டெஸ்ட். இந்த ஐஜிபிடிக்குள்ள கேட்டுக்கும் எமிட்டருக்கும் நடுவுல 10 லேருந்து 26 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு உண்டு. மீட்டர் வச்சா அது தெரியணும். ஓப்பன்னு காட்டினா மேல என்ன நம்பர் அடிச்சிருந்தாலும் அது வேற சரக்கு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினாலும் ஆன்லைன்ல வாங்கினாலும் கையில வந்த உடனே இதைப் பாத்துடுங்க.

மத்ததெல்லாம் சில்லறை. பிசி547 டிரான்சிஸ்டர் ஒண்ணு, 470 ஓம், 1 கே, 2.2 கே, 10 கே ரெசிஸ்டர் (கேன்னா ஆயிரம் ஓம்), 10 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர், 7805 ரெகுலேட்டர், அதுக்கு ரெண்டு பக்கமும் கெப்பாசிட்டர், சீரிஸ்ல ஒரு 1என்4007 டயோடு, சப்ளைக்குக் குறுக்க 24 வோல்ட் டிவிஎஸ் டயோடு (வோல்ட்டேஜ் எகிறினா அடக்குறது). ஹீட்சிங்க், மைக்கா ஷீட், பிளாஸ்டிக் புஷ். டெஸ்டுக்கு 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணு ஹோல்டரோட, 10 ஆம்பியர் ஃபியூஸ். பல்பை விட்டுடாதீங்க, மொத்த லிஸ்ட்லயே காயிலைக் காப்பாத்தப் போறது அதுதான்.

5. சாஃப்ட்வேர்ல மாத்தினா போதாதா

நானோ, இல்லன்னா ஸ்பீடுயினோ, மெகாஸ்குவர்ட் மாதிரி இன்ஜின் கன்ட்ரோல் போர்டு வச்சிருக்கவங்க கேக்குறது. ஸ்பீடுயினோ, மெகாஸ்குவர்ட்ல ஸ்பார்க் அவுட்புட் கோயிங் லோவா கோயிங் ஹையான்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை மாத்தினா சிக்னல் திரும்பிடும்.

ஆனா செட்டிங்கை மாத்துறதுக்கு முன்னாடி டிரைவர் என்ன கேக்குதுன்னு தெரியணும். ஐஜிபிடி நேரா இருந்தா மேல போனா சார்ஜ், கீழ வந்தா ஸ்பார்க். நடுவுல பிசி547 இன்வெர்ட்டர் இருந்தா அப்படியே உல்டா. போர்டுல ஏற்கனவே ஒரு இன்வெர்ட்டர் இருக்கு, நீங்க ஒண்ணு போட்டீங்க, செட்டிங்லயும் மாத்தினீங்கன்னா மூணு தடவை திரும்பியிருக்கும், கடைசியில எந்தப் பக்கம் நிக்குதுன்னு யாருக்கும் தெரியாது. ஒரு பேப்பர்ல சென்சார்லேருந்து காயில் வரைக்கும் ஒவ்வொரு இடத்துலயும் மேலயா கீழயான்னு எழுதிப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை.

செட்டிங் மாத்தும்போது காயில் ஃபியூஸைப் பிடுங்கி கையில வச்சுக்கங்க. டியூன் ஃபைலை (செட்டிங் எல்லாம் சேத்து வச்ச ஃபைல்) லோடு பண்ணா பழைய செட்டிங் திரும்ப வந்து உக்காரும், அதையும் மறக்காதீங்க.

நானோவுல எழுதுறவங்க, இந்த வழிகாட்டியில வர்ற இன்வெர்ட்டரைப் போட்டா பின் மேல இருந்தா காயில் ஆஃப்னு ஞாபகம் வச்சுக்கங்க. செட்டப்ல முதல்ல பின்னை மேல எழுதிட்டு அப்புறம் அவுட்புட்டா மாத்துங்க. எந்தக் காரணத்துக்காகவும் 10 மில்லி செகண்டுக்கு மேல ஆன்ல நிக்காதபடி ஒரு டைம்அவுட்டும் எழுதுங்க.

6. இன்வெர்ட்டரை மட்டும் முதல்ல கட்டுங்க

ஐஜிபிடியை இன்னும் பெட்டியிலேருந்து எடுக்க வேண்டாம். எல்லாத்தையும் ஒண்ணா கட்டிட்டு பவர் கொடுத்தா எங்க தப்புன்னு தேட முடியாது.

பிசி547ஐ தட்டையான பக்கம் உங்களைப் பாக்க, கால் கீழ இருக்குற மாதிரி பிடிச்சா இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். எமிட்டர் எர்த்துக்கு. கலெக்டர்லேருந்து 470 ஓம் 5 வோல்ட்டுக்கு. இந்தக் கலெக்டர்தான் நம்ம அவுட்புட், இதுதான் பின்னாடி கேட்டுக்குப் போகும். கேட் வர்ற இடத்துலேருந்து எர்த்துக்கு 10 கே.

இன்புட் பக்கம், சென்சார் அவுட்புட் வயர் வர்ற இடத்துலேருந்து 5 வோல்ட்டுக்கு 1 கே. அதே இடத்துலேருந்து பேஸுக்கு 2.2 கே. அதே இடத்துலேருந்து எர்த்துக்கு 10 நானோ ஃபாரட்.

இந்த 1 கே புல்அப்தான் முழு சர்க்யூட்டோட உயிர். வயர் அறுந்தாலும், நானோ தூங்கினாலும் இது பேஸுக்குக் கரன்ட் கொடுத்துக்கிட்டே இருக்கும், டிரான்சிஸ்டர் ஆன்ல இருந்து கேட்டைக் கீழ பிடிச்சு வச்சுக்கும், காயில் ஆஃப். நெட்ல கிடைக்கிற இன்வெர்ட்டர் சர்க்யூட்ல நிறைய இடத்துல பேஸ்லேருந்து எர்த்துக்குப் புல்டவுன் போட்டிருப்பாங்க. எல்இடி எரிய வைக்க அது சரி. காயிலுக்கு அது வினை, சிக்னல் இல்லன்னா டிரான்சிஸ்டர் ஆஃப், கேட் மேல, காயில் ஆன்.

1 கே ஏன், 10 கே போட்டா சிக்கனமா இருக்காதான்னு தோணும். பிளக் வயர் பக்கத்துல ஓடுற சிக்னல் வயர் அது, வலுவா பிடிக்கலைன்னா பக்கத்து ஸ்பார்க்கே அதை ஆட்டி வச்சுடும். 10 நானோ ஃபாரடும் அதுக்குத்தான். 1 கே கூட சேந்து 10 மைக்ரோ செகண்ட் தாமதம், 6000 ஆர்பிஎம்லயே அரை டிகிரி கூட வராது.

470 ஓம் விஷயம் இன்னும் முக்கியம். ஐஜிபிடிக்குள்ள ஒரு ரெசிஸ்டர் இருக்குன்னேன்ல, அதோட நம்ம 10 கேயும் சேந்தா சுமார் 5 கே எர்த்துக்கு இழுக்கும். மேல 470 ஓம் இருந்தா கேட்டுக்கு 4.6 வோல்ட் பக்கம் கிடைக்கும். மேல 10 கே போட்டா 1.7 வோல்ட்தான் மிஞ்சும். ஐஜிபிடி முழுசா ஆனும் ஆகாது முழுசா ஆஃபும் ஆகாது, நடுவுல நின்னு வறுபடும். அப்புறம் டூப்ளிகேட் பார்ட்டைக் கொடுத்துட்டான்னு கடைக்காரர் தலையில பழி விழும்.

கலெக்டர் ரெசிஸ்டரை 12 வோல்ட்டுக்குக் கொடுக்கக் கூடாது. இந்த ஐஜிபிடி கேட் தாங்குறது 10 வோல்ட் வரைக்கும்தான்.

இப்ப மீட்டர் வச்சுப் பாருங்க. இன்புட் வயர் ஒண்ணுலயும் மாட்டாம தொங்கட்டும்: அவுட்புட் 0.2 வோல்ட்டுக்குக் கீழ. இன்புட்டை எர்த்துல தொடுங்க: அவுட்புட் 4.7 பக்கம். இது ரெண்டும் வராம அடுத்த படிக்குப் போகாதீங்க.

நானோவுக்குப் பதிலா ஈஎஸ்பி32 போர்டு வச்சிருந்தா 1 கேயை 3.3 வோல்ட்டுக்குக் கொடுங்க, அந்தப் பின்னுக்கு 5 வோல்ட் ஆகாது. பாயின்ட்டையே சென்சாரா வச்சுக்கிறவங்க 1 கேக்குப் பதிலா 12 வோல்ட்டுக்கு 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் போடுங்க, 120 மில்லி ஆம்பியராவது ஓடினாதான் பாயின்ட் முனை அழுக்குப் பிடிக்காம இருக்கும்.

டிரான்சிஸ்டருக்குப் பதிலா 74எச்சி14 (ஆறு இன்வெர்ட்டர் உள்ள ஐசி) போடலாம், நல்லா வேலை செய்யும். சும்மா இருக்குற இன்புட் அஞ்சையும் எர்த்துல கட்டுங்க, சப்ளை கால்ல 100 நானோ ஃபாரட் போடுங்க. ஆப்டோகப்ளர் (வெளிச்சம் வழியா சிக்னலைக் கடத்துற ஐசி) வச்சுத் தலைகீழாக்குறது எனக்குப் பிடிக்காது. சாதாரண ஆப்டோ ஆஃப் ஆக நேரம் எடுக்கும், பெரிய ரெசிஸ்டர் போட்டா இன்னும் மெதுவாகும், 100 மைக்ரோ செகண்ட் தாமதம்னா 6000 ஆர்பிஎம்ல 3.6 டிகிரி. பிசி547ல ஸ்பார்க் வர்ற பக்கம் டிரான்சிஸ்டரே கேட்டை இழுத்துக் கீழ போடுது, அதனால ஐஜிபிடி சட்டுனு ஆஃப் ஆகும். ரெசிஸ்டர் வழியா மெதுவா ஏறுறது சார்ஜ் ஆரம்பிக்கிற பக்கம், அங்க கொஞ்சம் மெதுவா இருந்தா ஒண்ணும் கெட்டுப் போகாது.

7. ஐஜிபிடி, ஹீட்சிங்க், எர்த்

எழுத்து இருக்குற பக்கம் உங்களைப் பாத்தா இடமிருந்து கேட், கலெக்டர், எமிட்டர். பின்னாடி இருக்குற உலோகத் தகடும் கலெக்டர்தான். அதாவது ஹீட்சிங்க்ல நேரா முறுக்கினா அந்த ஹீட்சிங்க்ல 400 வோல்ட் துடிக்கும். மைக்கா, புஷ் போட்டு முறுக்கிட்டு, தகட்டுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல மீட்டர் வச்சு ஓப்பன் காட்டுதான்னு பாத்துக்கங்க.

எமிட்டர்லேருந்து தடியான வயர் ஒண்ணு நேரா இன்ஜின் பிளாக்குக்கு. இன்வெர்ட்டரோட எர்த்தும் சென்சாரோட எர்த்தும் எமிட்டர் காலடியிலயே வந்து சேரணும். சென்சார் எர்த்தை பாடியில எங்கயோ ஒரு ஸ்க்ரூல கொடுத்து, அங்க 0.1 ஓம் துரு இருந்தா, 5 ஆம்பியர் போகும்போது அரை வோல்ட் நகரும். பேஸ் 0.7 வோல்ட்ல முடிவெடுக்குற சாமான், அரை வோல்ட் அதுக்கு சும்மா இல்ல.

பழைய கன்டென்சரைக் கழட்டிடுங்க, 0.22 மைக்ரோ ஃபாரட் இருக்குமே டிஸ்ட்ரிப்யூட்டர் ஓரத்துல. பாயின்ட் தீப்பொறியை அடக்கத்தான் அது இருந்துச்சு, இப்ப அதுக்கு வேலை இல்ல.

ரிலே ஓட்டிப் பழகினவங்க கை தானா ஒரு டயோடை எடுத்து காயிலுக்குக் குறுக்க போடும். போடாதீங்க. அந்த எகிறுற வோல்ட்டேஜ்தான் நமக்கு ஸ்பார்க்கே, டயோடு அதை விழுங்கிடும்.

8. காயிலுக்குப் பதிலா பல்பு

காயில் வர வேண்டிய இடத்துல அந்த 21 வாட் பல்பை மாட்டுங்க. ஒரு பக்கம் ஃபியூஸ் வழியா 12 வோல்ட், இன்னொரு பக்கம் கலெக்டர். இனிமே பல்பு எரிஞ்சா காயில் சார்ஜ் ஆகுதுன்னு அர்த்தம், பல்பு அணைஞ்ச நொடி ஸ்பார்க்.

பவர் போடுங்க. பல்பு எரியக் கூடாது. லேசா மினுக்குனாலும் கூடாது. காந்தத்தைக் கிட்ட கொண்டு போங்க, எரியணும். எடுங்க, அணையணும்.

அப்புறம் ஒவ்வொண்ணா கெடுத்துப் பாருங்க. சென்சார் அவுட்புட் வயரைப் பிடுங்குங்க. சென்சாரோட 5 வோல்ட் வயரைப் பிடுங்குங்க. போர்டோட சப்ளையை மட்டும் நிறுத்திட்டு பல்புக்கு மட்டும் 12 வோல்ட் விட்டுப் பாருங்க. நானோ இருந்தா ரீசெட் பட்டனை அமுக்கிப் பிடிங்க, விடுங்க. எதுலயும் பல்பு எரியக் கூடாது. ஏதாவது ஒண்ணுல எரிஞ்சா இன்னிக்குக் காயிலை மாட்டாதீங்க, ஆறாவது படிக்குத் திரும்பிப் போங்க.

9. காயிலை மாட்டி ஸ்பார்க் பாக்குறது

பேட்டரிதான் வேணும், செல்போன் சார்ஜர் சைஸ் அடாப்டர் ஆகாது. பிளஸ்ல 10 ஆம்பியர் ஃபியூஸ், அங்கேருந்து காயில் பிளஸ். காயில் மைனஸ் கலெக்டருக்கு.

காயிலோட நடு வயருக்கு எதிர்ல 6, 7 மில்லிமீட்டர் தூரத்துல பேட்டரி நெகட்டிவ்ல கட்டின ஒரு கம்பி இருக்கணும். நடு வயரை அந்தரத்துல விட்டுட்டு டெஸ்ட் பண்ணாதீங்க. வெளிய போக வழி இல்லன்னா அந்த சக்தி காயிலுக்குள்ளயே வழி தேடும், இன்சுலேஷன் ஓட்டை ஆயிட்டா அந்தக் காயில் அவ்ளோதான். பெட்ரோல் வாசம் இருக்குற இடத்துல வேண்டாம், பேஸ்மேக்கர் வச்சவங்க அந்த ரூம்லயே வேண்டாம்.

இப்ப காந்தத்தை விரல்ல பிடிச்சு மெதுவா, ரொம்ப மெதுவா சென்சார் கிட்ட கொண்டு போங்க. ஒண்ணும் நடக்கக் கூடாது. கிட்ட வந்ததும் தாமதிக்காம அதே மெதுவா விலக்குங்க, ஒரு இடத்துல டப்புனு ஒரே ஒரு ஸ்பார்க். விலகும்போது அடிச்சா சரி. கிட்ட வரும்போது அடிச்சா சிக்னல் இன்னும் தலைகீழாத்தான் இருக்கு. ஆசிலோஸ்கோப் எதுவும் இல்லாம இதைவிடத் தெளிவா பாக்க எனக்கு வேற வழி தெரியல.

நானோ ஓட்டுறவங்க மீட்டரை டிசி வோல்ட்ல வச்சு கேட்டைப் பாருங்க. 30 மில்லி செகண்டுக்கு 3 ஆன்னா மீட்டர் அரை வோல்ட் பக்கம் சராசரி காட்டும். 4 வோல்ட் காட்டினா உடனே ஆஃப் பண்ணுங்க.

10. வண்டியில ஏத்துறது

பெஞ்ச்ல பழகின ஏ3144ஐயே டிஸ்ட்ரிப்யூட்டருக்குள்ள வைக்காதீங்க, பரவலா கிடைக்கிறது 85 டிகிரி வரைக்குமான வகை. இன்ஜின் சூட்டுக்கு 150 டிகிரி தாங்குற வாகன சென்சார் வாங்குங்க.

காந்தம் எவ்ளோ அகலமோ அவ்ளோதான் சார்ஜ் நேரம். நாலு சிலிண்டருக்கு டிஸ்ட்ரிப்யூட்டர்ல ஒரு ஸ்பார்க்குக்கு 90 டிகிரி. சின்ன காந்தம் ஒண்ணு 23 டிகிரிக்குத்தான் சென்சாரைப் பிடிச்சு வைக்குதுன்னா, 4000 ஆர்பிஎம்ல காயிலுக்குக் கிடைக்கிறது 1.9 மில்லி செகண்ட். 3 ஓம் காயிலுக்கு அது பத்தாது, மேட்டுல ஏறும்போது இழுக்காது. 50 டிகிரி பக்கம் வர்ற மாதிரி காந்தத்தைப் பக்கத்துல பக்கத்துல அடுக்குங்க, நடுவுல சிக்னல் விட்டு விட்டு வராம ஒரே நீளமா வருதான்னு பல்பு வச்சு பாத்துக்கங்க, விட்டு விட்டு வந்தா ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு கள்ள ஸ்பார்க்.

டைமிங் வைக்கும்போது காயில் ஃபியூஸ் வெளிய இருக்கட்டும், போர்டுக்கு மட்டும் பவர். பிளக்கைக் கழட்டிட்டா இன்ஜினைக் கையால சுத்தலாம். முதல் சிலிண்டர் கம்ப்ரஷன்ல, உங்க வண்டிக்குச் சொன்ன டிகிரி மார்க்ல நிறுத்துங்க. டிஸ்ட்ரிப்யூட்டரை லூஸ் பண்ணி, கேட் வோல்ட்டேஜ் மேல இருந்து கீழ விழுற இடத்தைப் பிடிச்சு முறுக்குங்க. அந்த நொடியில டிஸ்ட்ரிப்யூட்டருக்குள்ள சுத்துற ரோட்டார் முதல் சிலிண்டர் முனையைப் பாத்து நிக்கணும். நிக்கலைன்னா காந்தத் தட்டு தப்பான கோணத்துல இருக்கு, அதைத்தான் மாத்தணும்.

அப்புறம் ஃபியூஸ் போட்டு ஸ்டார்ட் பண்ணி டைமிங் லைட்ல பாருங்க. ஐட்லிங்ல மார்க் நடுங்காம நிக்கணும்.

பிளக் வயர் சாதா செம்பு வயரா இருந்தா மாத்திடுங்க, ரெசிஸ்டன்ஸ் உள்ள கார்பன் வயர் போடுங்க. இல்லன்னா நானோ ஓட ஓட ரீசெட் ஆகும். சென்சார் வயரை பிளக் வயர் கூட சேத்துக் கட்டாதீங்க.

11. ஓடலைன்னா எங்க தேடுறது

கீ போட்டு ரெண்டு நிமிஷத்துல, இன்ஜின் ஓடாமலே காயில் சூடாகுதா? முதல்ல கீயை ஆஃப் பண்ணுங்க. சென்சார் வயரைப் பிடுங்கிட்டு கீயைத் திரும்பப் போட்டுப் பாருங்க. இப்பவும் சூடாச்சுன்னா ஐஜிபிடி ஷார்ட், இல்லன்னா இன்வெர்ட்டர் தப்பு. சூடாகலைன்னா இன்ஜின் நின்ன இடம் காந்தத்துக்கு எதிர்ல, அது குறை இல்ல. பாயின்ட் வண்டியிலயும் இது உண்டு, அதனாலதான் கீயைப் போட்டுட்டுப் போகாதேன்னு பழைய டிரைவருங்க சத்தம் போடுவாங்க. நானோ டைம்அவுட் இருந்தா இதுவும் வராது. ஒண்ணு மட்டும், டைம்அவுட்ல ஆஃப் ஆகும்போதும் ஒரு ஸ்பார்க் அடிக்கும், கையை உள்ள வச்சுக்கிட்டு இருக்காதீங்க.

ஸ்டார்ட் பண்ணும்போது உதைக்குது, ஓடினா ஆர்பிஎம் ஏற ஏற மார்க் முன்னாடி ஓடிக்கிட்டே இருக்குன்னா அது நானோக்காரங்களோட தலைகீழ் சிக்னல், முதல் படியில போட்ட கணக்கு. டிஸ்ட்ரிப்யூட்டரைத் திருப்பி அதைச் சரி பண்ணப் பாக்காதீங்க, ஐட்லிங்ல சரி ஆன மாதிரி தெரியும், ரோட்டுல மோட்டார் தட்டும்.

ஸ்பார்க் பலவீனமா மஞ்சளா இருந்தா கேட்ல எத்தனை வோல்ட் வருதுன்னு காந்தத்தை எதிர்ல வச்சு பாருங்க, 4க்குக் கீழ இருந்தா 470 ஓம் இடத்துல வேற ஏதோ இருக்கு. பழுப்பு, கருப்பு, பழுப்புன்னா 100 ஓம், மஞ்சள், ஊதா, பழுப்புன்னா 470, மஞ்சள், ஊதா, சிவப்புன்னா 4700. ராத்திரி மஞ்சள் பல்பு வெளிச்சத்துல பழுப்பும் சிவப்பும் ஒண்ணாத்தான் தெரியும், அதனால ஒவ்வொரு ரெசிஸ்டரையும் சால்டர் பண்றதுக்கு முன்னாடி மீட்டர்ல தொட்டுப் பாத்துட்டு வையுங்க.